சான்பிரான்சிஸ்கோ எத்தனை இரவுத் தொலைவு?

கோடை விடுமுறை நெருங்குகிறதென்றால் நம் சங்கத்து வாசகசாலையில் பேச்சு ஒரே திசையில் திரும்பிவிடும். ஒருவருக்கு மகன் கலிபோர்னியாவில். மற்றொருவருக்கு மகள் அங்கே பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கிறாள். இன்னொருவருக்குப் பேரனின் ஆண்டு நிறைவு. புறப்பட வேண்டியவர்களோ அறுபதையும் எழுபதையும் கடந்த பெற்றோர். அவர்கள் முதலில் வினவுவது பெரும்பாலும் இதுதான்: டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்?

இவ்வினாவுக்கு மூன்று விடைகள் கிடைக்கின்றன. 12,400 கிலோமீட்டர் என்பார் ஒருவர். 13,900 என்பார் வேறொருவர். இல்லை, 15,300 என்று மேசையைத் தட்டிச் சாதிப்பார் மூன்றாமவர். வேடிக்கை என்னவெனில், மூவர் கூற்றும் மெய்யே. அதனினும் பெரிய வேடிக்கை, மூன்றுள் மிக நீண்ட வழியே மிக விரைவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இஃது எங்ஙனம் என்பதை இம்மாதம் ஆராய்வோம். கேட்டவர்க்கு உண்மையில் வேண்டியது இம்மூன்று எண்களும் அல்ல என்பதும் போகப்போக விளங்கும்.

முதலில் 12,400. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் உலகப் படம் தட்டையானது. அதைப் பார்த்துப் பழகியவர்கள், அமெரிக்காவுக்கு வழி மேற்கே என்று கொள்வர். அரபு நாடுகள், ஐரோப்பா, அட்லாண்டிக் கடல், அதன்பின் அமெரிக்கா முழுவதையும் குறுக்கே கடந்து மேற்குக் கரை. பிள்ளைகளின் மேசையில் பூகோள உருண்டை இருக்குமாயின் அதை எடுத்து, டில்லியின்மேல் ஒரு நூலின் நுனியை வைத்து, மறு நுனியைச் சான்பிரான்சிஸ்கோவரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் மேற்கேயும் செல்லாது, கிழக்கேயும் செல்லாது. வடக்கு நோக்கி ஏறும். இமயத்தையும் திபெத்தையும் தாண்டிச் சைபீரியாவின் மீது சென்று, வட துருவத்துக்கு அருகே உறைந்த கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியே இறங்கும்.

காரணம் எளிது. டில்லி கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகையில் உள்ளது. சான்பிரான்சிஸ்கோ மேற்கில் 122. உருண்டையின் ஒரு புறம் நாம் இருக்கிறோம். ஏறக்குறைய மறு புறத்தில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆரஞ்சுப் பழத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக விரும்பும் எறும்பு, பழத்தின் இடுப்பைச் சுற்றிக்கொண்டிராது. காம்பின் பக்கமாக ஏறி இறங்கிவிடும். கணக்கில் நாட்டமுள்ள மாணவர்களுக்கு இதனையும் சொல்லி வைப்போம்: பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையேயுள்ள கோணம் 111 பாகைக்குச் சற்றுக் கூடுதல். பாகை ஒன்றுக்கு 60 கடல் மைல். கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நூல் செல்லும் வழியே விமானம் செல்வதில்லை. திபெத்துப் பீடபூமி சராசரியாக 4,500 மீட்டர் உயரமுடையது. விமானமோ 10,000 மீட்டருக்கு மேல் பறக்கிறது, பின்னர் என்ன அச்சம் என்று கேட்கலாம். அச்சம் மலைச்சிகரங்களைப் பற்றியதன்று. விமானத்தினுள்ளே அடைத்து வைத்த காற்று ஏதோ ஒரு பழுதினால் வெளியேறிவிட்டால், மூச்சு விடத்தக்க உயரமாகிய 3,000 மீட்டருக்கு விமானி விரைந்து இறங்கியாக வேண்டும். பயணிகளின் தலைக்கு மேலிருந்து தொங்கும் முகமூடிகளில் பிராணவாயு ஏறத்தாழக் கால் மணி நேரத்துக்கே வரும். கீழே நிலமே 4,500 மீட்டர் உயரத்தில் நின்றால் எங்கே இறங்குவது? ஆகையால் பெரும்பாலான விமானங்கள் திபெத்தை ஒதுக்கியே போகின்றன. நூல் சொல்லும் 12,400 கிலோமீட்டர், பறவைக்கும் உரியதன்று. கணக்குப் புத்தகத்துக்கே உரியது.

இனி 13,900. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா நிறுவனம் டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு இடையில் எங்கும் இறங்காத விமானத்தைத் தொடங்கியபோது, அது மேற்கு நோக்கியே சென்றது. ஐரோப்பாவைக் கடந்து, அட்லாண்டிக்கைத் தாண்டிச் சென்ற அவ்வழி சுமார் 13,900 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே நிறுவனம், அதே ஊர்களுக்கிடையே, விமானத்தைக் கிழக்கு நோக்கித் திருப்பியது. பசிபிக் பெருங்கடலைக் கடந்து சென்ற அவ்வழி சுமார் 15,300 கிலோமீட்டர். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் சுற்று! ஆயினும் விமானம் பதினாலரை மணி நேரத்தில், அதாவது பழைய வழியைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மணி முன்னதாக, தரையைத் தொட்டது.

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆடிப் பெருக்கில் ஆற்றோடு செல்லும் பரிசலும், அதே வெள்ளத்தை எதிர்த்து வரும் பரிசலும் ஒரே நேரமா எடுக்கும்? வானத்திலும் ஓர் ஆறு ஓடுகிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, குறுகலான ஓடைபோல் விரைந்து செல்லும் காற்று அது. மணிக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் சில இடங்களில் முந்நூறையும் கடக்கும். ஜப்பானுக்கு அருகிலும் பசிபிக்கின் மேற்பகுதியிலும் அதன் வலிமை பெரிது. அசைவற்ற காற்றில் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கும் விமானம், 15,300 கிலோமீட்டரைப் பதினாலரை மணியில் கடந்ததென்றால் சராசரி வேகம் 1,050க்கு மேலாகிறது. அந்த மிகுதி எஞ்சின் தந்ததன்று. காற்று தந்த கொடை.

இக்காற்றை நம்மில் பலர் அறியாமலே அனுபவித்திருக்கிறோம். குளிர்காலத்தில் டில்லியிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் விமானம் சற்று விரைவிலும், அங்கிருந்து திரும்பும் விமானம் சற்றுத் தாமதமாகவும் வருவது விமானியின் சோம்பலால் அன்று. சென்னைக்கும் டில்லிக்கும் இடையே இவ்வேறுபாடு அவ்வளவாகத் தோன்றாது. நாம் தெற்கும் வடக்குமாகச் செல்கிறோம், காற்றோ குறுக்கே செல்கிறது.

வழியைத் தீர்மானிப்பவை மலையும் காற்றும் மட்டுமல்ல, அரசுகளும்தான். 2019 பிப்ரவரி இறுதி முதல் ஜூலை நடுப்பகுதிவரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியிருந்தது. மேற்கே செல்லும் இந்திய விமானங்கள் தெற்கே வளைந்து அரபிக்கடல் வழியாகச் சுற்றிச் சென்றன. இதனால் ஜூலை 2ஆம் நாள்வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அவ்வான்வெளி மீண்டும் மூடப்பட்டபோது, அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சென்ற விமானங்கள் சில, எரிபொருள் நிரப்பிக்கொள்ள வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிச் சென்றன. இடையில் 2022இல் உக்ரைன் போர் மூண்டது. அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் அடைபட்டது. யுனைடெட் நிறுவனம் தன் சான்பிரான்சிஸ்கோ–டில்லி நேர் விமானத்தை நிறுத்தியது. உருண்டையின்மேல் பிடித்த நூல் எந்நாளும் மாறுவதில்லை. பயண நேரமோ செய்தித்தாளின் முதற்பக்கத்தைப் பார்த்து மாறுகிறது. சென்ற ஆண்டு அண்டை வீட்டார் சென்று வந்த கணக்கை இவ்வாண்டு நம் கணக்காகக் கொள்ளுதல் தகாது என்பதற்கு இதனைச் சொன்னோம்.

வழியின் கீழே என்ன இருக்கிறது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 ஜூன் 6ஆம் நாள் டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ சென்ற விமானத்தில் எஞ்சின் ஒன்று கோளாறு காட்டவே, அது ரஷ்யாவின் கீழ்க்கோடியிலுள்ள மகதான் என்னும் ஊரில் இறங்கியது. பயணிகள் 216 பேர். அத்தனை பேருக்கும் போதிய விடுதி அவ்வூரில் இல்லை. தற்காலிகமாக அமைத்த இடங்களில் தங்கினர். மாற்று விமானம் வந்து அவர்களை ஏற்றிச் சென்றது இரண்டு நாள் கழித்து. விமானம் பத்திரமாக இறங்கியது, எவர்க்கும் ஊறு நேரவில்லை. இஃது அஞ்ச வேண்டிய கதை அன்று. ஆனால் அன்றாட மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அப்பெட்டியைச் சரக்கறைக்கு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு ஏறும் நம் பெரியவர்கள் இதனை நினைவில் வைக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகள், பயணத்துக்கு வேண்டியதைப் போல் சில மடங்கு, மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் இருத்தல் வேண்டும். புளிக்காய்ச்சலும் வடகமும் சரக்கறையில் போகட்டும்.

மருந்தைப் பற்றிப் பேச்செடுத்ததால் நேரத்தைப் பற்றியும் கூறுவோம். டில்லியில் விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டுக் கிழக்கே 15 மணி நேரம் பறந்தால், சான்பிரான்சிஸ்கோவில் அதே தேதியின் விடியற்காலை ஐந்தரை அல்லது ஆறரை மணி. கடிகாரத்தை நம்பினால், பயணம் இரண்டு மணியோடு முடிந்தது போலத் தோன்றும். உடம்பு அதனை ஒப்புக்கொள்ளாது. திரும்பி வருகையில் நிலைமை தலைகீழ். 2021 ஜனவரி 9ஆம் நாள் இரவு எட்டரை மணிக்குச் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேர் விமானம் புறப்பட்டது. ஸோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்கள். வட துருவத்தை ஒட்டிய வழி. பெங்களூரில் இறங்கியபோது 11ஆம் நாள் விடியற்காலை மூன்றே முக்கால். பறந்ததோ 18 மணிக்கும் குறைவு. 10ஆம் தேதி என்ற ஒன்று அப்பயணிகளின் வாழ்வில் சில மணி நேரமே இருந்தது. அன்றாடம் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மருந்துண்பவர்கள் எந்த ஊர்க் காலையை நம்புவது என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். ஊருக்கு வந்து தந்தையின் திதி கொடுக்க எண்ணும் பிள்ளைகளும், இறங்கும் தேதியைப் பார்த்தே சீட்டு எடுக்கட்டும். ஏறும் தேதியைப் பார்த்து எடுத்தால் நாள் தவறிவிடும்.

உடம்புக்கு வருவோம். விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் உள்ளது போல் இராது. சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையூரில் இருப்பதற்கு ஒப்பாகும். உதகை 2,240 மீட்டர். எனவே, நேர் விமானம் என்பது ஒரு பகலும் ஓர் அரை இரவும் உதகையில் ஒரே நாற்காலியில் அமர்ந்திருப்பதற்குச் சமம். உதகையில் மூச்சு வாங்குபவர் அதற்கேற்ப மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். மற்றொன்று, கால். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து செய்யும் பயணத்தினால், கால் நாளங்களில் இரத்தம் உறையும் இடர் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று 2007இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இரு மடங்கு என்றதும் திகைக்க வேண்டா. நல்ல உடல்நிலை உடையவர்களில் ஆறாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவே அது. விமானத்துக்கு மட்டுமன்றி ரயிலுக்கும் பேருந்துக்கும் இது பொருந்தும் என்றும் அவ்வாய்வு சொல்கிறது. மணிக்கொரு முறை எழுந்து நடப்பதற்கு வெட்கப்படாதீர்கள். நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்குவது நம் பெண்மணிகளுக்குப் பெரிய உதவி. பக்கத்தில் உறங்கும் அயலாரை எழுப்பக் கூசித் தண்ணீரே குடிக்காமல் பயணம் முடித்த தாய்மார் பலரை நாம் அறிவோம்.

இதுவரை சொன்னது இன்பப் பயணத்துக்கு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது வேறொரு பயணம். இதனைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

நம் குடும்பங்களில் மூத்த தலைமுறையினர் டில்லிக்கு வந்தது கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில். 1929இல் பெஷாவரிலிருந்து மங்களூர்வரை, ஏறக்குறைய 104 மணி நேரப் பயணமாக அது தொடங்கியது. பின்னர் டில்லிக்கும் சென்னைக்கும் உரியதாயிற்று. ஆக்ரா, ஜான்சி, போபால், நாகபுரி, வாரங்கல், பெஜவாடா என்று ஊர்ப் பெயர்கள் நம் இல்லத்துப் பெரியவர்களுக்கு இன்றும் வரிசை பிசகாமல் வரும். ஐம்பதுகளில் சென்னை சேர இரண்டு இரவுகள். சென்ட்ரலில் இறங்கி, கூஜாவும் படுக்கையுமாக எழும்பூர் சேர்ந்து, தஞ்சைப் பக்கம் போக மூன்றாம் இரவு. அக்காலத்தில் ஊர்களுக்கிடையே உள்ள தூரத்தை மைலால் எவரும் சொன்னதில்லை. டில்லி மூன்று இரவுத் தொலைவு. பம்பாய் அதற்குக் குறைவு. கல்கத்தா இன்னொரு கணக்கு. அதுவே குடும்பங்களுக்குப் பயன்பட்ட அளவுகோல்.

விமானம் அக்காலத்திலும் இருந்தது. 1949இல் தொடங்கிய இரவு அஞ்சல் சேவையில் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் டக்கோட்டா விமானங்கள் புறப்பட்டு, நள்ளிரவில் நாகபுரியில் கூடி, அஞ்சற் பைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பிவிடும். கடிதம் ஓர் இரவில் போயிற்று. கடிதத்தை எழுதிய எழுத்தர் மூன்று இரவில் போனார். குமாஸ்தாச் சம்பளத்துக்கு அவ்விமானத்தின் படிக்கட்டு எட்டாத உயரம்.

ஆகவே தந்தி வந்தால் அதன் பொருள் அனைவர்க்கும் தெரிந்தது. தந்தை காலமானார், உடனே புறப்படுக என்று வந்தாலும், புறப்படும் மகன் தந்தையின் முகத்தைக் காணப்போவதில்லை என்பது கொடுத்தவர்க்கும் தெரியும், வாங்கியவர்க்கும் தெரியும். தம்பியோ பங்காளியோ கொள்ளி வைத்திருப்பார். மகன் சென்று சேர்வது எஞ்சிய காரியங்களுக்கே. அதற்காக அவனை யாரும் குறை கூறியதில்லை. தொலைவு என்ன என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தது.

2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோயிற்று. இப்போது செய்தி கணத்தில் செல்கிறது. மகனும் விமானத்தில் பதினேழு, பதினெட்டு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்கிறார்கள். குளிர்ப்பெட்டியும் வந்துவிட்டது. ஆதலால் ஊரிலுள்ளோர் காத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று பெரியவர் ஒருவர் கேட்க, தொலைபேசியின் மறுமுனையில் விம்மிக்கொண்டிருக்கும் பிள்ளை, நேர் விமானம் பதினெட்டு மணி என்று சொல்லிவிடுகிறான். வாசலில் பந்தல் போட்டாயிற்று. உறவினர் உணவின்றி அமர்ந்திருக்கிறார்கள். பதினெட்டு மணி கடந்தும் பிள்ளை வரவில்லை. இருபத்தைந்து மணி ஆயிற்று. யாரோ ஒருவர் வாய் திறந்து, அவனுக்கு மனம் இருந்தால் இதற்குள் வந்திருப்பான் என்கிறார். அச்சொல் அண்ணன் தம்பிகளை ஆண்டுக்கணக்கில் பிரித்து வைக்கிறது. நம் சங்கக் குடும்பங்களிலேயே இத்தகைய மனத்தாங்கல்களை நாம் கண்டிருக்கிறோம். மனம் இல்லாமை காரணமன்று. தவறான எண் ஒன்றே காரணம்.

சரியான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கலிபோர்னியாவிலுள்ள வீட்டில் செய்தி எட்டுகிறது. அன்றைய விமானத்தில் இடம் கிடைப்பது உறுதியன்று. நல்வாய்ப்பாக இடம் கிடைத்தது என்றே வைப்போம். சீட்டு எடுக்கவும் பெட்டி கட்டவும் விமானம் புறப்படும் வேளைவரை காத்திருக்கவும் ஐந்தாறு மணி. வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி; பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னதாக இருக்க வேண்டும். டில்லிக்குப் பறக்கும் நேரம் பதினாறு முதல் பதினெட்டு மணி. இறங்கியபின் குடிவரவுச் சோதனை, பெட்டி, அடுத்த விமானத்துக்குக் காத்திருத்தல், எல்லாம் சேர்ந்து நான்கு மணி. அங்கிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ விமானம் ஒன்று. பிறகு காரில் கும்பகோணமோ காரைக்குடியோ சேர இரண்டு மணி. கூட்டினால் முப்பத்து மூன்று, முப்பத்தைந்து மணிக்குக் குறையாது. சிங்கப்பூர் வழியாக வருவோர் அங்கிருந்து நேரே திருச்சியில் இறங்கலாம். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் பதினேழு மணி அளவு, சிங்கப்பூரிலிருந்து திருச்சி நான்கு மணி அளவு. சோழ நாட்டு ஊர்களுக்கு இவ்வழி சில வேளைகளில் டில்லி வழியைக் காட்டிலும் விரைவானது. ஆனால் இடையில் காத்திருக்கும் நேரத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்றரை நாள், அதாவது இரண்டு இரவுக்குச் சற்றுக் குறைவு. எண்ணிப் பார்த்தால் இது வியப்பிற்குரியது. 1955இல் டில்லி தஞ்சைக்கு மூன்று இரவுத் தொலைவில் இருந்தது; இன்று கலிபோர்னியா அதனினும் அண்மையில் இருக்கிறது. அன்று டில்லிக்கு மகனை அனுப்பிய தாய் அழுததைவிட, இன்று அமெரிக்காவுக்கு அனுப்பும் தாய் குறைவாக அழ நியாயம் உண்டு. இவ்வாறு சொன்னால் நம்மோடு சண்டைக்கு வரும் தாய்மார் இருக்கிறார்கள் என்பதும் அறிவோம்.

ஆயினும் இவ்வண்மை காகிதம் சரியாக உள்ளவர்க்கே. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏற எவரும் நம்மிடம் விசா கேட்டதில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட பிள்ளைக்கும், அங்கே பிறந்த பேரனுக்கும் இந்தியாவுக்குள் வர விசாவோ, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டையோ வேண்டும். அது கையில் இல்லையேல் ஒன்றரை நாள் என்பது ஒரு வாரமாகலாம். வேலை விசாவில் இருப்பவர் நிலை வேறு. அவர் இந்தியர், வருவதற்குத் தடையில்லை. ஆனால் கடவுச்சீட்டில் உள்ள அமெரிக்க விசா முத்திரையின் காலம் கடந்திருந்தால், திரும்பிப் போகத் தூதரகத்தில் நாள் பெற்றாக வேண்டும். அந்நாள் கிடைக்க வாரங்களும் மாதங்களும் ஆவதுண்டு. வேலையை இழக்க நேருமோ என்று அஞ்சி, தகப்பனாரின் இறுதிச் சடங்கைக் கைப்பேசியின் சிறு கண்ணாடியில் பார்த்து அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சான்பிரான்சிஸ்கோ எத்தனை இரவுத் தொலைவு என்று எந்த நூலால் அளப்பது? அவர்களைப் பற்றி ஊரில் உள்ளோர் நாவடக்கத்தோடு பேசுதல் வேண்டும்.

எனவே, வெளிநாட்டில் பிள்ளைகளை உடைய அன்பர்கள், உடலும் மனமும் நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவர்களோடு பேசுகையில் சிலவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அவர்தம் கடவுச்சீட்டின் காலம் எப்போது முடிகிறது, முத்திரை எதுவரை, பேரக் குழந்தைகளின் அட்டை வந்துவிட்டதா, பெயரும் தேதியும் சரியாக உள்ளனவா, அவர்கள் ஊரிலிருந்து நேர் விமானம் வாரத்தில் எந்தெந்த நாள், இல்லாத நாளில் எவ்வழி, வாசலிலிருந்து வாசல்வரை மொத்தம் எத்தனை மணி. பறக்கும் நேரத்தைத் தனியே எழுதவே வேண்டா. எழுதினால் எவரேனும் அதையே படித்துச் சொல்லிவிடுவர். அத்தாளின் படியொன்றை ஊரில் இருக்கும் தம்பியிடமோ தங்கை வீட்டுக்காரரிடமோ கொடுத்து, எத்தனை மணி நேரம் காக்கலாம், அதற்கு மேல் யார் கொள்ளி வைக்கலாம் என்பதையும் வீட்டுப் பெரியவரே தம் வாயால் சொல்லி வைப்பது மிக நன்று. இவ்வாறு சொல்லி வைத்த பெரியவர் ஒருவர் நம் சங்கத்தில் இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. மகன் சியாட்டிலில். இருபத்துநான்கு மணிக்கு மேல் என்னைக் காக்க வைக்காதீர்கள், எனக்குக் குளிர் ஆகாது என்று கூறிவிட்டு, அடுத்த வாரமே மகனைப் பார்க்க அவரே விமானம் ஏறிவிட்டார்.